ஆவாரம்பூ நகர்க்காரர்கள் அடிமாடியைத் தூக்கிய கதை

உலகத்துக்குப் புத்தி பங்கு போட்ட அன்றைக்கு ஆவாரம்பூ நகர்க்காரர்கள் எல்லோரும் ஏதோ கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள் போலிருக்கிறது. அதனால் அவர்களுக்கு ஒரு குறையும் வந்ததில்லை, அந்தப் பலகை வரும் வரைக்கும். நகரின் கிழக்கோரக் காலி மனையில் பன்னிரண்டு மாடி எழும்பப் போகிறது, நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் குடிவரப் போகின்றன என்றது பலகை.

நலச் சங்கத் தலைவர் தணிகாசலத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. காலை வெயிலில் மொட்டை மாடியில் நின்று காபி குடிப்பதற்காகவே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். உடனே கூட்டம் போட்டார்.

"சூரியன் இனிமே பன்னிரண்டு மாடி ஏறித்தான் நம்ம பக்கம் வரணும். வந்து சேர மத்தியானம் ஆயிடும்."

"லிஃப்ட் வைக்கிறாங்களாமே தலைவரே," என்றார் செயலாளர் பூவராகன்.

"அந்தச் சூட்டுல சூரியனோட சேர்ந்து லிஃப்ட்ல யாருய்யா ஏறுவா?"

எல்லோரும் யோசித்தார்கள். யாரும் ஏறமாட்டார்கள் என்று முடிவாயிற்று.

பக்கத்து வீட்டுத் தெய்வானைக்கு வேறு கவலை. "அத்தனை பேரும் கிழக்க உக்காந்தா, தரை அந்தப் பக்கம் சாஞ்சிடாதாண்ணே? நம்ம கிணத்துத் தண்ணி பூரா அங்க ஓடிடுமே!"

அதற்கு ஈடுகட்ட மேற்குப் பக்கத்தின் பாரத்தைக் கூட்டுவதென்று தீர்மானம். அன்றிலிருந்து ஆவாரம்பூ நகரில் எல்லோரும் பொதுநலம் கருதி ஒரு கரண்டி சோறு அதிகம் சாப்பிட்டார்கள்.

பிறகு தணிகாசலம், பூவராகன், தெய்வானை மூவரும் வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும் ஆபீசுக்குப் போனார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசியதில் அதிகாரிக்குக் காது அடைத்துப் போயிற்று.

"என்கிட்ட கத்தி என்னங்க ஆகப்போகுது? மேலிடத்துல போய்ச் சொல்லுங்க!"

அந்த ஊரில் மேலிடம் என்றால் தண்ணீர்த் தொட்டிதான். முழங்கால் வலியையும் பாராமல் தணிகாசலம் முதலில் ஏறினார், மற்ற இருவரும் பின்னால் ஏறினார்கள். உச்சியில் நின்று, "பன்னிரண்டு மாடி வேண்டாம்!" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினார்கள். ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, "கா" என்றது.

"என்ன தலைவரே சொல்லுது?"

"காத்திருக்கச் சொல்லுது. மேலிடம்னா உடனேவா நடக்கும்?"

காத்திருந்தார்கள். சாயங்காலம் தீயணைப்பு வண்டி வந்து மூவரையும் இறக்கியது. செய்தி கேட்டு ஓடிவந்த அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார்.

"இனிமே எதுலயும் ஏறாதீங்க. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. கட்டுறவங்க பேப்பர் கொண்டு வந்தா, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடாதீங்க!"

அந்த வாரமே கட்டுமானக் கம்பெனி மேனேஜர் சம்மதப் பத்திரத்தோடு வந்தார். தணிகாசலம் இரண்டு கண்ணையும் கோழிமுட்டை போலத் திறந்து வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பூவராகனுக்கு இமை துடித்தது. தெய்வானை தன் விரலால் அவர் இமைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் போட்டு முடித்தபோது ஒருவர் விடாமல் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் கொட்டியது.

மேனேஜருக்கு மனசு இளகிவிட்டது. "ஐயா, அழாதீங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க, செஞ்சு தரேன்."

"ஒரு மாடியாவது குறைக்கணும்," என்றார் தணிகாசலம்.

"எந்த மாடியை?"

மூவரும் ஓரமாகப் போய்க் குசுகுசுத்துவிட்டு வந்தார்கள். "உச்சி மாடி எங்கயோ தூரத்துல இருக்கு, அதால எங்களுக்குத் தொல்லை இல்லை. அடிமாடிதான் எங்க பக்கத்துல இருக்கு. அதைத் தூக்கிடுங்க."

கீழே வெறும் தூண்கள் நிறுத்திக் கார் விடுவதற்கு இடம் என்றுதான் வரைபடமே போட்டிருந்தது. மேனேஜர் முகத்தைக் கஷ்டப்பட்டு இறுக்கிக்கொண்டார்.

"நஷ்டம்தான். இருந்தாலும் உங்களுக்காகச் செய்யறேன்."

அன்று ஆவாரம்பூ நகரில் பட்டாசு வெடித்தது.

கட்டடம் எழுந்தது. சொன்ன சொல் மாறாமல், அடிமாடி இல்லை. மேலே குடும்பங்கள் குடிவந்தபின் ஒருநாள் தணிகாசலம் தம் வெற்றியைப் பார்க்க அடியில் போய் நின்றார். மேலே யாரோ கிரைண்டர் ஓட்டினார்கள், ஒரு குழந்தை தடதடவென்று ஓடியது. அண்ணாந்து பார்த்தவர் ஓடிப்போய்த் தெய்வானையைக் கூட்டி வந்தார்.

"தெய்வானை, நாம பண்ண வேலையைப் பாரு! இத்தனை குடும்பமும் அந்தரத்துல நிக்குது!"

"பிள்ளைகுட்டிக்காரங்கண்ணே," என்று அவள் கண்ணைத் துடைத்தாள்.

அன்றே ஆரம்பித்தார்கள். தெய்வானை உலக்கையால் முட்டுக் கொடுத்தாள். பூவராகன் மேசை மேல் ஏறித் தலையால் தாங்கினார். தணிகாசலம் ஸ்டூல் போட்டு ஏறி, கூரையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் காரில் வந்து ஹாரன் அடித்தார். "சார், இது என் இடம். கொஞ்சம் நகருங்க, காரை விடணும்."

தணிகாசலம் வியர்வை வழியக் குனிந்து பார்த்தார்.

"விடலாம் தம்பி. நான் கையை எடுத்தா உங்க வீடு உங்க கார் மேல வந்து உக்காந்துக்கும். வீடு வேணுமா கார் வேணுமான்னு சம்சாரத்தை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் தாங்குறேன்."