நண்டு இரவல் கொடுத்த வெளிச்சம்

அந்தக் காலத்தில் வானத்தில் நிலா என்று ஒன்று கிடையாது. நண்டும் நாரையும் மனிதரோடு வாய் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பகலுக்குச் சூரியன் இருந்தது. இரவுக்கு நட்சத்திரங்கள் இருந்தன என்றாலும், அவற்றை நம்பி யாரும் அடுத்த வீட்டுக்குக்கூடப் போய்வர முடியாது. பொழுது சாய்ந்தால் ஊர் முழுவதையும் பானைக்குள் போட்டு மூடியது போலத்தான்.

கடலோரத்தில் ஒரு மீனவக் குப்பம் இருந்தது. அந்தக் குப்பத்துக்கும் நெல் விளைகிற ஊர்களுக்கும் நடுவில் உப்பாறு ஓடியது. ஆண்கள் பிடித்து வரும் மீனைப் பெண்கள் கூடையில் சுமந்து, இடுப்பளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்துபோய், நெல்லாக மாற்றிக்கொண்டு வருவார்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டால் வீட்டில் உலை கொதிக்கும். இல்லாவிட்டால் அக்கரை மணலில் படுத்துக் கிடந்து விடிந்த பிறகுதான் வர வேண்டும். ஆற்றுக்குள் எது பள்ளம் எது மேடு என்பது கடல் ஏறி வற்றும்போதெல்லாம் மாறும். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தான் கால் வைப்பார்கள். நிறம் தெரியாத இருட்டில் கால் வைத்தவர்களில் பலர் கரையேறியதில்லை.

நாகாயிக்கு அப்போது பால்பல் விழுந்து முளைக்கிற வயது. அப்பன் மற்ற ஆண்களோடு தெற்குக் கரையில் வலைபோட்டுத் தங்கியிருந்தான். அம்மா அஞ்சலை மீன் கூடையோடு அக்கரைக்குப் போனால், தாய்ப்பால் மறக்காத தங்கச்சி நாகாயியின் இடுப்பில். ஒரு நாள் அஞ்சலை வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. பிள்ளை பாலுக்கு அழுதது. அக்கரையிலிருந்து அம்மா பேர் சொல்லிக் கூப்பிட, இக்கரையிலிருந்து நாகாயி குரல் கொடுக்க, நடுவில் ஆறு தன்பாட்டுக்கு ஓடியது. பிள்ளையின் அழுகை பொறுக்காமல் அஞ்சலை தண்ணீரில் இறங்கிவிட்டாள். இறங்கிய இடம் பள்ளம். நெல்லும் கூடையும் போயின. ஆள் எப்படியோ அக்கரை வேரைப் பிடித்துத் தப்பியது. விடிந்து வந்த அம்மாவின் முழங்கையெல்லாம் சிராய்ப்பு. பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டு அவள் அழுததை நாகாயி பார்த்தாள். இனிமேல் இந்த ஊருக்கு இருட்டே கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். பெரியவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று அவள் வெளிச்சம் தேடக் கிளம்பினாள்.

தேடியது கிடைத்த இடம் ஆற்றங்கரைச் சேறு. அந்தி மங்கிய வேளையில் ஒரு வளைக்குள்ளிருந்து பாலைக் கொட்டியது போல் வெளிச்சம் கசிந்தது. நாகாயி யோசிக்காமல் கையை உள்ளே விட்டாள். உள்ளே இருந்தது ஒரு பெரிய நண்டு. ஓடு மாற்றுகிற நேரம் என்பதால் அதன் முதுகு பிளந்திருந்தது. நண்டின் சதை முழுக்க வெளிச்சம்! கெட்டி ஓட்டுக்குள் இருந்ததால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. சுட்டுத் தின்றவர்களுக்கும் தெரியாது. நெருப்பில் போட்ட உடனே அது அவிந்துவிடும்.

நண்டுக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. கொடுக்கால் அவள் விரலைக் கவ்விக்கொண்டது. நாகாயி கையை எடுக்கவில்லை.

"வலிக்கலையா புள்ளை?" என்று நண்டே கேட்டுவிட்டது.

"வலிக்குது மாமா. வெளிச்சம் குடுக்குறேன்னு சொல்லுங்க, கையை எடுத்துக்குறேன்."

நண்டுக்கு இப்படி ஒரு பிடிவாதம் புதிது. கொடுக்கைத் தளர்த்திவிட்டுப் பேசிப் பார்த்தது. நான் ஒருத்தன் கொடுத்தால் உன் வீட்டு வாசலுக்குத்தான் காணும், ஊருக்கே வேண்டுமென்றால் என் இனம் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்றது. கொடுத்த பிறகு எங்களிடம் வெறும் ஓடுதான் மிஞ்சும், ஓடக்கூடத் தெம்பிருக்காது, அந்த நேரம் பார்த்து உங்கள் ஆட்கள் அள்ளிக்கொண்டு போனால் என்ன செய்வது என்றும் கேட்டது. நியாயமான கேள்விதான். நாகாயி அம்மாவின் சிராய்ப்பைச் சொன்னாள், தங்கச்சியின் பசியைச் சொன்னாள். நண்டும் பிள்ளை குட்டிக்காரன்தான், மனசு இளகியது. ஆனாலும் வாக்குக் கேட்டது.

அந்தக் குப்பத்தில் வாக்கு என்றால் கடல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திச் சொல்வது. கடலைச் சாட்சி வைத்துச் சொன்ன சொல்லை அங்கே யாரும் மீறியதில்லை. அதனால்தான் பெரியவர்களே அதற்கு நூறு முறை யோசிப்பார்கள். நாகாயி ஒரு முறைகூட யோசிக்கவில்லை. தண்ணீரை அள்ளினாள். ஓடு வெறுமையாக இருக்கும்போது யாரும் நண்டைத் தொட மாட்டார்கள், வாங்கிய வெளிச்சத்தை முழுசாகத் திருப்பித் தருவோம் என்று, ஊரைக் கேட்காமலே ஊருக்காக வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அதன் பிறகு அந்தி சாய்ந்ததும் கரையெல்லாம் நண்டுகள் வந்து கூடின. ஆளுக்கு ஒரு கிள்ளு வெளிச்சம். நாகாயி அப்பனின் வீச்சுவலையை விரித்து அதில் வாங்கிக்கொண்டாள். ஆற்றில் வீசுவதற்குப் பதிலாக, கயிற்று நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, உடம்பைத் திருப்பி வானத்தைப் பார்த்து வீசினாள். வலை மேலே போய் ஒட்டிக்கொண்டது. எப்படி எட்டியது என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் வானம் இவ்வளவு உயரம் இல்லை. முதல் நாள் வெளிச்சம் வலையின் ஒரு விளிம்புக்குத்தான் போதுமாக இருந்தது. மறுநாள் கயிற்றை இழுத்து வலையை இறக்கி, இன்னொரு கிள்ளு வாங்கி வீசினாள். நாளுக்கு நாள் அது அகலமாகி, கடைசியில் வலை முழுக்க நிறைந்து, முழு வட்டமாக மேலே நின்றது. ஊர்க்காரர்கள் அதற்கு நிலா என்று பேர் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் குப்பத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்கள் அக்கரையில் சாவகாசமாகப் பேரம் பேசிவிட்டு, பள்ளம் மேடு பார்த்து, சிரித்துக்கொண்டே ஆற்றைக் கடந்து வந்தார்கள். பிள்ளைகள் மணலில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். முன்பெல்லாம் இருட்டுவதற்குள் அவசரமாகத் தாலி கட்டி முடிக்கிற ஊரில், ஒரு கல்யாணம் பாட்டும் கும்மியுமாக ஆற அமர நடந்தது. அஞ்சலை வீட்டு வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். நாகாயிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வட்டம் நிறைந்த மறுநாள் அந்தியில் ஆற்றங்கரைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மாமா நண்டு சேற்றில் மல்லாந்து கிடந்தது. புரண்டு படுக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. சுற்றிலும் அதன் சொந்தபந்தமெல்லாம் அதே கதி.

நாகாயி வலையை இறக்கக் கயிற்றைப் பிடித்தாள். அதற்குள், வாக்குப்படி வெளிச்சத்தைத் திருப்பித் தரப்போகிறாள் என்ற சேதி பரவி ஊரே திரண்டு வந்துவிட்டது. ஊர்த் தலைவரான நாட்டார் கையில் அரிவாள். கயிற்றை அறுத்துவிட்டால் வலை மேலேயே தங்கிவிடும், வெளிச்சம் நமக்கே என்பது அவர் கணக்கு. உன்னை யார் ஊருக்காக வாக்குக் கொடுக்கச் சொன்னது என்று அதட்டினார். தப்பு அவள் தப்புதான். ஆனாலும் கயிற்றைக் கையில் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"கேட்டு வாங்குனதுக்குப் பேரு இரவல் ஐயா," என்றாள். "திருப்பித் தராம வெச்சுக்கிட்டா அதுக்கு வேற பேரு."

நாட்டாருக்கு முகம் சிறுத்துப்போனது. அஞ்சலையின் பக்கம் திரும்பி, இருட்டில் பாடுபட்டவள் நீதான், உன் மகளுக்கு நீயே புத்தி சொல் என்றார். அதுவரை யாருக்கும் அஞ்சாத நாகாயிக்கு அப்போதுதான் பயம் வந்தது. யாருக்காக இவ்வளவும் செய்தாளோ, அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவள் என்ன செய்வாள்?

அஞ்சலை சேற்றில் கிடந்த நண்டுகளைப் பார்த்தாள், மேலே இருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு வந்து, மகளின் கைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தாள்.

"நான் அக்கரையில படுத்துப் பழகுனவ," என்றாள். "நீ இழு தாயி."

இருவரும் இழுத்தார்கள். நாட்டார் அரிவாளை ஓங்கவில்லை. வலை இறங்கியது. நண்டுகள் ஆளுக்கு ஒரு கிள்ளு எடுத்துக்கொண்டன. வெறுமையாகிப்போன உடம்பு ஒரே நாளில் அதற்கு மேல் தாங்காது. மிச்சத்தோடு வலை மறுபடி மேலே போனது. நாளுக்கு நாள் வானத்தில் வட்டம் தேய்ந்து, நண்டுக்குள் சதை ஊறியது. கடைசியில் வானம் வெறுமையானது. அன்றைக்கு அஞ்சலை அக்கரையில் மாட்டிக்கொண்டாள். பிள்ளை அழுதது. நாகாயியும் சேர்ந்து அழுதாள். ஆனால் கொடுத்த சொல்லை நினைத்து அவள் ஒரு கணமும் வருந்தவில்லை.

மறுநாள் அந்தியில் கதவை யாரோ சுரண்டினார்கள். திறந்து பார்த்தால் மாமா நண்டு, கொழுத்துப் பளபளவென்று.

"வலையை எடு புள்ளை. திருப்பித் தர்ற வீட்டுக்கு எத்தனை தரமும் இரவல் குடுக்கலாம். சதை இருக்கறப்ப புடிக்க வர்றீங்களா, வாங்க, நாங்களும் ஓடிப் பாக்குறோம். ஓடு வெறுமையா இருக்கறப்ப மட்டும் கையை வெச்சிராதீங்க."

இந்தத் தடவை கடல் தண்ணீரை ஏந்தி வாக்குக் கொடுத்தது ஊர் முழுக்க. நாட்டார்தான் முதலில் அள்ளினார். பல காலம் ஏறி இறங்கிப் பழகிய அந்த வலை, பிறகு யாரும் கயிறு இழுக்காமலே தானாக ஏறி இறங்கக் கற்றுக்கொண்டது.

அன்று முதல்தான் நிலா வளர்வதும் தேய்வதும். அன்று முதல்தான் அமாவாசை நண்டின் ஓட்டுக்குள் சதை திரண்டிருப்பதும், பௌர்ணமி நண்டை உடைத்தால் வெறும் தண்ணீர் வழிவதும். விவரம் தெரியாமல் நிலாக் காலத்தில் நண்டு வாங்கி வந்து, சதையே இல்லையே என்று சலித்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தால் போதும். சதை அங்கேதான் காய்ந்துகொண்டிருக்கும்.