ஸ்ட்ரெச்சர் இருக்கிற வீடு

மலை மேல ஒரு சின்ன மடம். நடத்துறது செவந்தியம்மா. பாம்பு கடிச்சவங்களைக் காசு வாங்காம ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் அங்க பூஜை. மடத்துச் சொத்து ஒரு ஸ்ட்ரெச்சர். ரோடு முடியுற அடிவாரத்துல ஒரு ஜீப்பும் டிரைவரும்.

சீடர் மாசிலாமணி ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். குருவைவிடப் பதினோரு வயசு பெரியவர். இவர் அவங்களை 'அம்மா'ம்பார். அவங்க இவரை 'கண்டக்டரே'ம்பாங்க. ரெண்டு பேருக்கும் பழகிடுச்சு.

தினமும் ஸ்ட்ரெச்சரைத் துடைக்கிறது அவர் வேலை. தூசியைத் தவிர அதுல யாரும் ஏறினதில்ல. பாம்பு கடிச்சா ஜனங்க நேரா மந்திரிக்கிற வேடியப்பன் வீட்டுக்குத்தான் போவாங்க. அவர் காலை இறுக்கிக் கட்டி, பிளேடால கீறி, வேப்பிலையோட உட்கார்ந்து ஆயிரத்தெட்டு உரு மந்திரம் சொல்லுவார். முடிக்க மூணு மணி நேரம் ஆகும். ஆவணி மாசம் ஒருத்தன் எழுநூறைத் தாண்டல.

மாசிலாமணிக்கு அது ஆறல. அம்மா முன்னாடி வந்து நின்னார்.

"அந்த ஆளைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடலாம்மா."

"கொடுத்தா?"

"ஜனங்க நம்மகிட்ட வருவாங்க."

"அடுத்த மலையில ஒருத்தர் மந்திரிக்கிறார். அங்க போவாங்க. அது இன்னும் தூரம்."

சொல்லிட்டு எழுந்து ஸ்ட்ரெச்சரோட ஒரு முனையைப் பிடிச்சாங்க. இன்னொரு முனையை மாசிலாமணி பிடிச்சார். முப்பது வருஷம் ஏறினவங்ககிட்டல்லாம் 'எங்க'ன்னு கேட்ட மனுஷன், அன்னிக்குக் கேட்கல.

கொண்டுபோய் வேடியப்பன் வாசல்ல இறக்கினாங்க. சண்டைக்கு வந்திருக்காங்கன்னு அவர் முண்டாசை இறுக்கிக்கிட்டார். ஆவணிச் சாவைப் பத்தி அம்மா ஒரு வார்த்தை பேசல.

"மந்திரத்தை உட்கார்ந்துதான் சொல்லணுமா?"

வேடியப்பன் முண்டாசைத் தளர்த்தினார்.

"எங்கப்பன் உட்கார்ந்துதான் சொன்னாரு. அவருக்கு முட்டிவலி."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு."

அப்படின்னா ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்துகிட்டு சொல்லலாமேன்னாங்க அம்மா. இறுக்கிக் கட்டுறதும் கீறுறதும் மந்திரத்துல வருதான்னும் கேட்டாங்க. மந்திரத்துல வரலைன்னு அவர் ஒத்துக்கிட்டார். நடுவுல எண்ணிக்கையை மட்டும் யாரும் கலைக்கக் கூடாதுன்னார். அம்மா சரின்னாங்க.

அதுக்கப்புறம் மாசிலாமணி தினமும் வேடியப்பன் வீட்டுக்கே போய் ஸ்ட்ரெச்சரைத் துடைச்சார். ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல.

ஐப்பசியில, சாமை அறுக்கும்போது பச்சையம்மாவைக் கண்ணாடிவிரியன் கடிச்சிடுச்சு. ரெண்டு கைக்குழந்தைக்காரி. புருஷன் அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு, வழக்கம்போல வேடியப்பன் வீட்டுக்கு ஓடினான். மாசிலாமணி துணியும் கையுமா நின்னுட்டிருந்தார்.

இறக்கினது ஸ்ட்ரெச்சர்ல. வேடியப்பன் முதல் உருவை ஆரம்பிக்கவும் நாலு பேர் தூக்கவும் சரியா இருந்துச்சு. மாசிலாமணி சட்டைப்பையில இருந்து பழைய விசிலை எடுத்து ஊதிக்கிட்டு முன்னாடி ஓடினார். விசில் கேட்டு வழியில இருக்கிற ஒவ்வொரு ஊர்லேயும் ஆளுங்க வந்து தோள் மாத்தினாங்க. பக்கத்துலயே வேடியப்பன் வேப்பிலையை ஆட்டிக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு, எண்ணிக்கை விடாம ஓடினார்.

ஜீப்லயும் சொன்னார். ஆஸ்பத்திரி வாசல்லயும் சொன்னார். விஷமுறிவு ஊசி ஏறும்போது அறுநூத்திப் பன்னெண்டு. மிச்சத்தை வராந்தாவுல சொல்லச் சொன்னாங்க நர்ஸம்மா, மெதுவா. மெதுவாச் சொன்னார்.

ஒம்பதாம் நாள் பச்சையம்மா உசுரோட மலை ஏறினா. எதிர்கொண்டு கூப்பிடப் பம்பை மேளம் வந்துச்சு. குழந்தைங்க ரெண்டும் அவ இடுப்பை விட்டு இறங்கல. வேடியப்பன் கழுத்துல ஏழு மாலை. ஸ்ட்ரெச்சருக்குக்கூட யாரோ குங்குமம் வெச்சிருந்தாங்க. மாசிலாமணிக்கு ஒரு வாழைப்பழம் கிடைச்சது.

அதை எடுத்துக்கிட்டு மடத்துக்கு வந்தார். அம்மா வாசல் கூட்டிக்கிட்டிருந்தாங்க. பம்பைச் சத்தம் அங்க வரைக்கும் கேட்டுச்சு.

"மந்திரம்தான் காப்பாத்துச்சுன்னு ஊரெல்லாம் பேசுதும்மா. ஊசியைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல."

அம்மா கூட்டிக்கிட்டே இருந்தாங்க.

"இனிமே யாரைக் கடிச்சாலும், ஒரு நிமிஷம்கூட யோசிக்காம அவர் வீட்டுக்குத்தான் ஓடுவாங்க."

"ஓடட்டும் கண்டக்டரே. ஸ்ட்ரெச்சர் அங்கதானே இருக்கு."