மன்னார்குடிக்குப் போக வேண்டிய மூன்று கார்கள்

கதை முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். விடை தெரிந்துவிட்டால் கடைசிவரை வாயைத் திறக்காமல் இருங்கள். தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு உதவி செய்கிறேன்: இது அத்தனையும் பட்டப்பகலில், எல்லார் கண்முன்னாலும் நடந்தது.

வேதாரண்யத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையில் இலவச சார்ஜிங் நிலையம் ஒன்று இருந்தது. யாரோ புண்ணியவான்கள் நடத்தினார்கள். எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கும் யாரும் வரலாம், காசில்லாமல் சார்ஜ் போட்டுக்கொண்டு போகலாம். இயந்திரங்கள் இரண்டு. ஒன்றை உப்புக்காற்று தின்று தீர்த்துவிட்டது. மிச்சமிருந்த ஒன்றுக்குக் காவலும் அதிகாரமும் செல்வநாயகிதான்.

சும்மா கிடைக்கும் இடத்தில் வரிசை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழாயடியில் குடம் வைப்பதுபோல இங்கே செருப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். செருப்பு வரிசையில் நிற்கும், ஆள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒருவர் செருப்பை இன்னொருவர் தாண்டக்கூடாது என்பது எழுதாத சட்டம். எழுதிய சட்டம் பலகையில் இருந்தது: ஒரு வண்டிக்குச் சார்ஜ் ஏறுவதை உரிமையாளர் சொல்லாமல் யாரும் நிறுத்தக்கூடாது.

அன்று துறைமுகத்தில் எட்டாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். மாலையில் புயல் கரையைக் கடக்கும், மூன்று மணிக்கு மின்சாரம் நிறுத்தப்படும் என்று ஒரு ஜீப் மைக்கில் சொல்லிக்கொண்டு போனது. அப்போது மணி இரண்டு. காற்று விட்டு விட்டு அடித்தது. அது நிற்கும்போதெல்லாம் செல்வநாயகி கிழக்கே திரும்பிப் பார்த்தாள். ஏனென்றால் அப்போது கடல் கேட்டது. கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, மற்ற நாளில் அதன் சத்தம் இங்கே வராது.

சார்ஜரில் நின்றது இறால் பண்ணைக்காரர் பக்கிரிசாமியின் கார். ஏழு பேர் உட்காரும் வண்டி, தனி ஆளாக வந்திருந்தார். திரையில் எண்பத்தொரு சதவீதம். அதை வைத்துக்கொண்டு அறுபது கிலோமீட்டர் தூரத்து மன்னார்குடிக்கு இரண்டு தடவை போய்வரலாம். எண்பதுக்கு மேல் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அடுத்த முறை ஹாஜா மைதீனுடையது. காலையிலேயே செருப்பைப் போட்டுவிட்டுப் போனவர், கடலோரத்து ஓட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, மனைவி நூர்ஜஹானோடு மன்னார்குடி மச்சான் வீட்டுக்குக் கிளம்பி வந்திருந்தார். பன்னிரண்டு சதவீதம்.

மூன்றாவதாக ஸ்டெல்லா. நாலே சதவீதம். பின் சீட்டில் அவள் மாமனார் சவரிமுத்து கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மன்னார்குடி ஆஸ்பத்திரியில் அவருக்கு இன்று டயாலிசிஸ். புயல் கடந்துவிட்டால், விழுந்த மரங்களை அறுத்துச் சாலை திறக்க எத்தனை நாளோ. இரண்டு நாளுக்கு மேல் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் எல்லாம் மீனவர் குப்பங்களில் ஆள் ஏற்றப் போய்விட்டது.

“அக்கா, ஒரு அர மணி நேரம் குடுத்தா போதுங்கக்கா” என்றாள் ஸ்டெல்லா.

செல்வநாயகி பக்கிரிசாமியிடம் போனாள். “ஐயா, எம்பது தாண்டிருச்சு. எடுத்துரட்டுங்களா?”

“நூறு ஆவட்டும்மா. மன்னார்குடில மக வீட்டுக்குப் போறேன். போன புயலுக்கு நாப்பது நாளு கரண்டு இல்ல. இந்த வண்டிலேருந்து வயர் இழுத்துத்தான் பேரப்புள்ளைக்கு ஃபேன் போடணும். பலகையில என்ன எழுதியிருக்கு, நீயே படி.”

படித்தாள். அவர் சொன்னது சரிதான். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஹாஜா மைதீன் குனிந்து, வரிசையில் கிடந்த தன் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். “என் முறைய அந்தப் பொண்ணுக்குக் குடுத்துரு தங்கச்சி.” நூர்ஜஹான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செல்வநாயகிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானை ஓங்கித் தட்டினாள். தீப்பிடித்தால் மட்டும் தொடவேண்டிய பொத்தான் அது. வேலை போய்விடும் என்று தெரியும். போனால் போகட்டும். கேபிளை உருவி ஸ்டெல்லாவின் காரில் மாட்டினாள்.

“ஒம் மேல எழுதிப் போடுறேன் பாரு!” என்று பக்கிரிசாமி கத்தினார். வாசலில் குறுக்கே கட்டியிருந்த சங்கிலியை அவளே ஓடிப்போய் அவிழ்த்துவிட்டாள், மனுஷன் போய்த்தொலைந்தால் போதும் என்று. பெரிய வண்டி மேற்கே திரும்பிப் போனது. எல்லாருக்கும் மூச்சு வந்தது.

பொத்தானைத் தட்டிய இயந்திரம் மறுபடி உயிர்பெறப் பத்து நிமிடம் பிடித்தது. ஸ்டெல்லாவின் திரையில் நாலு ஐந்தானது, ஆறானது. எட்டு என்று காட்டியபோது, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பாகவே, மின்சாரம் போய்விட்டது. திரை கறுத்தது. எட்டோ பன்னிரண்டோ, இரண்டு காருமே பாதி வழியில் நின்றுவிடும். காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே இப்போது கடல் கேட்டது.

விதியைப் பிடித்துக்கொண்டு நின்றார் பக்கிரிசாமி. தன் முறையை விட்டுக்கொடுத்தார் ஹாஜா மைதீன். வேலை போனாலும் பரவாயில்லை என்று விதியை உடைத்தாள் செல்வநாயகி. சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

ஒருவர் செய்ததும் சரியில்லை. ஹாஜா மைதீனுடையது நல்ல மனசு, செல்வநாயகியுடையது துணிச்சல், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் திரையிலிருந்த சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. யார் வண்டிக்கு மின்சாரம் என்று அடித்துக்கொண்டார்களே தவிர, வண்டிக்குள் யாரும் பார்க்கவில்லை. சங்கிலியை அவிழ்த்துக் கும்பிடாத குறையாக அனுப்பிவைத்தார்களே, அந்தக் காரில் ஆறு இடம் காலி. “எங்களையும் ஏத்திக்கிட்டுப் போங்க” என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் பக்கிரிசாமி மாட்டேன் என்று சொல்லியிருப்பாரா, எனக்குத் தெரியாது. திரை கறுத்த பிறகுதான் சவரிமுத்து கண்ணைத் திறந்தார். “அந்தப் பெரிய வண்டி எந்த ஊருக்கும்மா போவுது?” என்று மருமகளைக் கேட்டார்.