நம்பிக்கை இல்லாதவர் எழுந்திருக்கலாம்

முன்னொரு காலத்தில் வீரகேசரி என்றொரு மன்னர் இருந்தார். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் அரண்மனையில் தினமும் பந்திதான். மந்திரிகள், படைத்தலைவர்கள், புலவர்கள் எல்லோரும் வரிசையாக இலைக்கு முன் அமர்வார்கள். அரசி செண்பகவல்லி கடவுளை வாழ்த்திப் பாடுவார். எல்லோரும் கூடவே கைகூப்பிப் பாடுவார்கள். பாட்டு முடிந்த பிறகுதான் யாரும் இலையில் கை வைப்பார்கள்.

அந்த வரிசையில் ஒருவன் மட்டும் பாடமாட்டான். அவன் சேந்தன், மன்னரின் விகடகவி. அவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதை அவன் தம்பட்டம் அடித்ததும் இல்லை, மறைத்ததும் இல்லை. மற்றவர்கள் பாடும்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பான். அரசியின் கடைசிச் சொல் முடியும்வரை ஒரு அப்பளத்தைக்கூட நொறுக்கமாட்டான்.

மன்னர் அவனைத் தம் பக்கத்திலேயே உட்கார வைத்தது மந்திரி தர்மசேனருக்கு வயிற்றெரிச்சல். அந்த இடம் முன்பு அவருடையது.

ஒருநாள் சபையில் அவர் எழுந்தார். "மன்னர் பெருமானே, நாம் அனைவரும் இறைவனைத் தொழுதுவிட்டு உண்கிறோம். சேந்தன் மட்டும் மரக்கட்டை போல் அமர்ந்திருக்கிறான். அடுத்த நாட்டுத் தூதர்கள் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நம்பிக்கை இல்லாதவனுக்குப் பந்தியில் என்ன வேலை?"

சபையில் பல தலைகள் ஆடின. மன்னருக்குச் சங்கடமாகிவிட்டது. சபை கலைந்ததும் சேந்தனைத் தனியாக அழைத்தார்.

"ஏனப்பா, சும்மா உதட்டை அசைத்துவிட்டுப் போயேன். யாருக்குத் தெரியப்போகிறது?"

"கடவுளுக்குத் தெரியும் என்று அரசியார் நம்புகிறார், மன்னா. அவர் மனமுருகிப் பாடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து நடித்தால், அது அவரைக் கேலி செய்வது ஆகாதா? கோமாளித்தனம் என் தொழில்தான். ஆனால் அந்த இடத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை."

தம் பேச்சு எடுபடாத கோபத்தில் மன்னர், தர்மசேனர் எழுதிக்கொண்டு வந்த ஆணைக்கு முத்திரை வைத்துவிட்டார். மறுநாள் காலையில் பறை அறைந்தார்கள்: "நம்பிக்கை இல்லாதவர் எவரும் அரண்மனைப் பந்தியில் உண்ணலாகாது! மீறுவோரைக் காவலர் எழுப்பி ஊர் எல்லைக்கு அப்பால் விடுவர்!"

சேந்தனின் மனைவி சிலம்பாயி அதைக் கேட்டுக் கலங்கிப்போனாள். அவளும் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள்தான்.

"நாளைக்கு அரசியோட விரதம் முடியற விருந்து. நீ போகாம இருந்துடேன். இல்லைன்னா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடு. கையா தேஞ்சு போயிடும்?"

"என்னைக்காவது உன்கூட நின்னு பொய்யாக் கும்பிட்டிருக்கேனா, சிலம்பு?"

"இல்ல. அப்படிச் செஞ்சா எனக்குத்தான் கோவம் வரும். ஊரை விட்டு அனுப்பிச்சா?"

"ரெண்டு பேரும் போவோம். ஆனா அந்த ஆணையை நான் நல்லாக் கேட்டேன். எதுல நம்பிக்கைன்னு அதுல எழுதவே இல்ல."

விருந்து நாள் வந்தது. சேந்தன் வழக்கம்போல் தன் இடத்தில் போய் அமர்ந்தான். காவலர்கள் நெருங்கினார்கள். பந்தி முழுவதும் அவனையே பார்த்தது. "பிரார்த்தனை முடியட்டும், ஐயா. நடுவில் கூச்சல் வேண்டாம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். காவலர் தலைவன் நின்றுவிட்டான்.

அரசி பாடி முடித்தார். உடனே தர்மசேனர் குரலை உயர்த்தினார். "ஆணையை மீறி அமர்ந்திருக்கிறான்! இழுத்துப் போங்கள் இவனை!"

சேந்தன் எழுந்து வணங்கினான். "மந்திரி அவர்களே, போகிறேன். ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஆணையை எழுதியவர் தாங்கள். எந்த நம்பிக்கையைச் சொல்கிறீர்கள்?"

தர்மசேனர் நெஞ்சை நிமிர்த்தினார். "இது இறைவன் அருளிய அன்னம் என்ற நம்பிக்கை! அவன் காவல் இருக்கும்போது இந்த இலையிலிருந்து ஒரு தீங்கும் வராது என்ற நம்பிக்கை!"

"ஆகா! நன்றாகச் சொன்னீர்கள். அப்படியானால் தங்கள் இலையில் கை வைத்திருப்பவர் யார்?"

எல்லோரும் திரும்பினார்கள். உணவில் விஷம் உண்டா என்று ருசி பார்ப்பதற்காக அமர்த்தப்பட்ட ஆள், மந்திரியின் இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அது அங்கே அன்றாட வழக்கம். மன்னரின் இலையில் தொடங்கி, பெரிய பதவிக்காரர்களின் இலைகள் அத்தனையிலும் அவன் ருசி பார்த்த பிறகே அவர்கள் உண்பார்கள்; அதற்குள் சோறு ஆறிப்போகும்.

சேந்தன் தன் இலைக்கு முன் மறுபடி அமர்ந்தான். "என் இலையை எவரும் சோதித்ததில்லை. சமைத்தவர்களை நம்பித்தான் தினமும் உண்கிறேன்" என்று சொல்லி, ஒரு கவளத்தைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டான்.

தர்மசேனர் ருசி பார்ப்பவனின் கையை அவசரமாகத் தட்டிவிட்டார்.

காவலர் தலைவன் தலையைச் சொறிந்தான். "மகாராசா, இப்ப யாரை எழுப்பறது? ஆணைப்படி பாத்தா, இவரைத் தவிர முன்வரிசை மொத்தத்தையும் எல்லையில கொண்டுபோய் விடணுமே! தாங்களும்..." என்று தொடங்கியவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

முதலில் சிரித்தது அரசி. அதைப் பார்த்த மன்னருக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"செண்பகா, நீயே தீர்ப்புச் சொல்" என்றார்.

"நான் பாடும்போது இந்தப் பந்தியில் எத்தனை பேர் பாயசத்தை எட்டிப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? சேந்தன் ஒருநாளும் பார்த்ததில்லை. என் கடவுளை அவன் நம்பவில்லை. ஆனால் என் பிரார்த்தனைக்கு அவன் கொடுத்த மரியாதையை வேறு யாரும் கொடுத்ததில்லை. அவன் இங்கேயே இருக்கட்டும்."

மன்னர் ஆணையைக் கிழித்துப் போட்டார். தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சேந்தனுக்குப் போர்த்தினார். "வேறென்ன வேண்டும், கேள்!"

"அரசியார் மனம்போல் பாடட்டும், மன்னா. நான் காத்திருப்பேன். இனி என்னைப் போல் யார் வந்தாலும், அவர்களையும் இப்படியே காத்திருக்க விடுங்கள். அது போதும்."

"அப்படியே ஆகட்டும்!" என்ற மன்னர், ருசி பார்க்கும் ஆளை அழைத்து, அவனுக்கும் ஓர் இலை போட்டு உட்காரச் சொன்னார். பிறகு, புதிதாகப் பரிமாறிய சோற்றில் யாரும் ருசி பார்க்குமுன் தாமே கை வைத்தவர், "ஆ!" என்று கையை உதறிக்கொண்டார்.

பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் சுடச்சுடச் சோறு சாப்பிட்டது அன்றுதான்.