சிவந்த ஆற்றங்கரைத் தண்ணீர்ப்பந்தல்

ஆறுகளுக்கு அவற்றின் சொந்த நிறமே இருந்த காலத்தில், பனையாற்று நாட்டை விசையரங்கன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான்; காலையில் சொன்னது மாலையில் நினைவிருக்காது. சிவப்புப் பட்டு என்றால் அவனுக்கு உயிர். அதற்குச் சாயம் தோய்த்துக் கொடுத்தவன் பட்டறை முதலாளி குபேரலிங்கம். பட்டறைக் கழிவெல்லாம் பனையாற்றில் விழுந்தது. ஆறும் சிவந்தது.

கீழ்க்கரை ஊர்க்காரி மாடாத்தி, அமைச்சர் நல்லுடையாரின் வாசலில் வந்து நின்றாள்.

"அந்தத் தண்ணியக் குடிச்சு மாடு செத்துப்போச்சு சாமி. இப்ப பிள்ளை வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கு."

"பட்டறையை மூட வைக்கிறேன் அம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார் அமைச்சர்.

சபையில் குபேரலிங்கம் முந்திக்கொண்டான். "மன்னா, கோடை கொளுத்துகிறது. கீழ்க்கரை மக்களுக்காக என் செலவில் ஆற்றோரம் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறேன்."

மன்னன் நெகிழ்ந்துபோனான். "இவருக்குத் தர்மசீலர் பட்டம்!"

"ஆறு கெட்டதால்தானே மன்னா பந்தலே தேவைப்படுகிறது?" என்றார் நல்லுடையார்.

"பொறாமை, மன்னா! அமைச்சர் ஒரு மோர்ப்பானைகூட வைத்தவரில்லை. ஆற்றுத் தண்ணீருக்கு என்ன குறை? நிறம்தான் வேறு. மற்றபடி பன்னீர்!" என்றான் குபேரலிங்கம்.

சபை சிரித்தது. அமைச்சரும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

பந்தல் திறக்கும் நாளில், மலைச்சுனை நீரோடு வந்த குபேரலிங்கத்தின் வண்டிகள் சுங்கச்சாவடியில் நின்றுபோயின. நிறுத்தியவர் அமைச்சர். பந்தல் பானைகளை அவரே ஆற்றில் மொண்டு நிரப்பிவைத்தார். பந்தல் வைத்தவர் முதல் குவளை குடித்த பிறகே ஊருக்கு ஊற்றுவது அந்த நாட்டு வழக்கம்.

மன்னன் முன்னிலையில் குவளையை வாங்கிய குபேரலிங்கத்தின் முகம் வெளுத்தது. "இது சுனைத் தண்ணீர் இல்லையே?"

"உங்கள் பன்னீர்தான். நிறம்தான் வேறு" என்றார் நல்லுடையார்.

"குடியுமையா, பட்டம் காத்திருக்கிறது!" என்றான் மன்னன்.

குபேரலிங்கம் தடாலென்று காலில் விழுந்தான். "குடித்தால் செத்துப்போவேன், மன்னா!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. மன்னன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "பட்டம் ரத்து! பேராசைக்காரனே, உனக்குத் தண்டனையும் உண்டு."

"பட்டறையை மூடிவிட்டால்..." என்று தொடங்கினார் அமைச்சர்.

"மூடுவதா? அப்புறம் விழாக் கொடிகளை யார் தோய்ப்பது? பட்டறை ஆட்கள் சோற்றுக்கு எங்கே போவார்கள்?" மன்னன் தன் மேலாடையை ஒருமுறை தடவிக்கொண்டான். "தண்டனை இதுதான். இவன் இன்னும் பத்துப் பந்தல் வைக்க வேண்டும்!"

என்ன நீதி, என்ன நீதி என்று கைதட்டல் அடங்கவில்லை. "உமது புத்திக்குப் பரிசு" என்று அமைச்சரின் தோளில் மன்னன் ஒரு பட்டுச் சால்வையைப் போர்த்தினான். புதுச் சிவப்பு, சாயவாடைகூடப் போகவில்லை.

சுங்கச்சாவடியில் நின்ற வண்டிகளை விட்டார்கள். பானைகளில் சுனை நீர் நிறைந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற மாடாத்தி கேட்டாள்: "அப்ப, எங்க ஆறு சாமி?"

நல்லுடையார் பதில் சொல்ல வாயெடுத்தார். வெயிலில் தொண்டை வறண்டிருந்தது. சால்வைச் சாயம் வியர்வையில் கரைந்து வெள்ளை வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது.

முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, குபேரலிங்கம் குவளையை நீட்டினான். "குடியுங்கள் அமைச்சரே. இது நல்ல தண்ணீர்."

அமைச்சர் ஆற்றைப் பார்த்தார். பிறகு வாங்கிக் குடித்தார்.

தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.