டென்னிசன் காதால் தேர்ந்த கிட்டார்

மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் ஜெஸ்லினுக்குக் கனமான கிட்டாரைச் சுமந்தே தோள் வீங்கியிருந்தது. புதிது வாங்கப் போன கடையிலும், குழுத் தலைவர் டென்னிசன் சுவரில் தொங்கிய, விலை கூடிய, இன்னும் கனமான பெரியதையே காட்டினார்.

“இந்தச் சின்னது போதும் அண்ணே. தோளுக்கு இதம், நாதமும் நல்லாயிருக்கு, விலையும் குறைவு.”

“தகரச் சத்தம்தான் வரும். நல்லாயிருக்குன்னு என் வாயாலேயே சொல்ல வை, வாங்கித் தாரேன்.”

“அப்ப திரும்பி நின்னு கேளுங்க.”

வாசித்தாள். “தகரம்,” என்றார்.

“இப்ப இதைக் கேளுங்க.”

“இதுதான் நாதம்,” என்று திரும்பினார். இரண்டு முறையும் ஒலித்தது சின்னதுதான். பெரியது சுவரைவிட்டு இறங்கவேயில்லை. முகம் சிவந்தாலும், சொன்னபடியே வாங்கிக் கொடுத்தார்.

அன்றைய கச்சேரி முடிந்தும் தோள் வலிக்கவில்லை. ஜெஸ்லின் அவரைக் கும்பிட்டாள். “ரொம்ப நன்றி அண்ணே. வேற ஆளா இருந்தா சொன்னதையே மறந்திருப்பாங்க.”

“நாளைக்கு மைக் வாங்கப் போறேன்,” என்றார் டென்னிசன். “நீயும் வா.”