சீரகத்தை ஏற்றிப்போன வண்டி

சென்னியப்பனுக்குக் குருவாக வாய்த்தவர் அவரைவிட வயதில் இளையவர். பெயர் அமுதவல்லி. உடுமலைக்கு வெளியே ஒரு மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்து வந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சிமெண்டுக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் காலை நடைக்கு அந்தப் பக்கம் வந்த சென்னியப்பன், வேலியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"வெளியிலயே நின்னா குதிரை எப்படிப் பழகும்? உள்ள வாங்ணா" என்றார் அமுதவல்லி.

அன்று உள்ளே போனவர்தான். பிறகு ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை.

அங்கே இரண்டு குதிரைகள் இருந்தன. ஓமம் ஆண். சீரகம் பெண். சென்னியப்பனின் செருப்புச் சத்தம் கேட்டாலே சீரகம் அந்தப் பக்கம் காதைத் திருப்பும்.

கோடையில் மைதானத்துப் புல் காய்ந்துவிடும். அப்போது குதிரைகளை அமராவதி ஆற்றோரத் தோட்டம் ஒன்றுக்குக் கொண்டுபோவார்கள். மாஸ்டரிடம் ஒற்றைக் குதிரை நிற்கும் டிரெய்லர் ஒன்று உண்டு. தன் சின்ன எஸ்.யூ.வி.யின் பின்கொக்கியில் அதை மாட்டி, ஒவ்வொன்றாக ஏற்றிப்போவார். போன கோடையில் அவருக்குக் கடும் காய்ச்சல்.

"நான் கொண்டுபோறேனுங்க மாஸ்டர்" என்றார் சென்னியப்பன். "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து கார் ஓட்டறேன்."

"கார் வேற, இது வேறங்ணா. இந்த வண்டிக்குக் குதிரையோட டிரெய்லர் கிட்டத்தட்ட முழுப் பாரம். ஐம்பதைத் தாண்டாதீங்க. கனமான சாமானை டிரெய்லரோட பின்பக்கம் வைக்காதீங்க."

"சரிங்க."

சரி என்றுதான் சொன்னார். ஆனால் சீரகத்தை ஏற்றி நிறுத்தியதும் மனசு கேட்கவில்லை. தவிட்டு மூட்டைகளை முன்னால் அடுக்கினால் அதன் முகத்தில் இடிக்கும். பாவம், தலையை ஆட்டக்கூட இடம் இருக்காது. மூட்டைகளையும் தண்ணீர் டிரம்மையும் பின்கதவை ஒட்டி வைத்துக் கட்டினார். சீரகம் தாராளமாகத் தலையை ஆட்டியது. அவருக்கு நிம்மதியாக இருந்தது.

நெடுஞ்சாலை இறக்கத்தில் வேகம் தானாகக் கூடியது. பேருந்து ஒன்று உரசுகிற மாதிரி முந்திப்போனது. டிரெய்லர் ஆடத் தொடங்கியது. கண்ணாடியில் அது ஒருமுறை இடப்பக்கம் தெரிந்தது, மறுமுறை வலப்பக்கம். சென்னியப்பன் பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

டிரெய்லர் சாலைக்குக் குறுக்கே திரும்பிச் சாய்ந்தது.

சீரகத்தின் முன்கால்கள் ஒடிந்திருந்தன. காய்ச்சலோடு ஆட்டோவில் வந்து இறங்கிய அமுதவல்லி, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தார்ச்சாலையிலேயே உட்கார்ந்தார். இனிப் பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் ஊசியை எடுத்தார்.

"கழுத்துக் கயித்தை அவுத்து விடுங்ணா" என்று மட்டும் சொன்னார் மாஸ்டர்.

சென்னியப்பனின் விரல்களுக்கு அந்த முடிச்சு அவிழவில்லை. கடைசியில் யாரோ ஒருவர் வந்து அறுத்துவிட்டார்.

அதன்பிறகு அவர், தான் வேறு மாதிரி செய்திருந்தால் சீரகம் பிழைத்திருக்குமா என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்டார். மனைவி, "அதோட ஆயுசு அவ்வளவுதான்" என்றாள். மகன், "பஸ்காரன் பண்ணின வேலைப்பா, நீங்க என்ன செய்வீங்க?" என்றான். மருத்துவர்கூடத் தோளைத் தட்டி, "யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்" என்றார். ஒவ்வொரு பதிலும் ஒரு நாள் தாங்கியது. மறுநாள் அவர் இன்னொருவரைத் தேடிப்போனார்.

மாஸ்டரிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. மாஸ்டரும் ஒன்றும் சொல்லவில்லை. சென்னியப்பன் வழக்கம்போல மைதானத்துக்கு வந்தார். சாணம் அள்ளினார், தொட்டியில் தண்ணீர் நிரப்பினார். ஓமத்தின் கயிற்றைத் தொடுவதில்லை.

மறுபடியும் கோடை வந்தது.

"ஓமத்தைக் கொண்டுபோகணுமுங்ணா. நீங்கதான் ஓட்டணும்" என்றார் அமுதவல்லி.

"லாரி ஏதாவது பேசிக்கலாமுங்க மாஸ்டர்."

"எதுக்கு?"

"என்னால முடியாதுங்க. அன்னைக்கு நான் என்னதான் செஞ்சிருக்கணும்? அதையாவது சொல்லுங்க."

மாஸ்டர் பழுதுபார்த்து நிறுத்தியிருந்த டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நாளைக்குக் காலையில டிரெய்லர்ல மூட்டை ஏத்துங்க. அன்னைக்கு ஏத்தின மாதிரியே."

சென்னியப்பன் ஏற்றினார். அதே தவிட்டு மூட்டைகள், அதே டிரம். குதிரை நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது.

அமுதவல்லி வந்து பார்த்தார். கண்கள் ஒரு கணம் பின்கதவுப் பக்கம் நின்றன. மூட்டைகள் எங்கே இருந்தன என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது என்று சென்னியப்பனுக்குப் புரிந்தது.

"அதுக்குத் தலையாட்ட இடம் வேணும்னு நெனச்சேனுங்க" என்றார் மெதுவாக.

மாஸ்டர் டிரெய்லர் மாட்டியிருந்த கொக்கியைக் காட்டினார். "காரோட பின்பக்கத்தைப் பாருங்க" என்றார்.

பார்த்தார். டிரெய்லரின் பின்பாரத்தால் கொக்கியிருந்த இடம் லேசாக மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அன்றைக்கு அவர் சீரகத்தைப் பார்த்தார். இதைப் பார்க்கவில்லை.

ஊருக்குத் தெற்கே கைவிடப்பட்ட விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. நீளமாக, நேராக, ஆளரவம் இல்லாமல் கிடக்கும். அமுதவல்லி வண்டியை அங்கே ஓட்டிப்போனார். சென்னியப்பன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வேகம் கூடியது. ஓரிடத்தில் மாஸ்டர் ஸ்டீயரிங்கை ஒரு நூல் அளவு அசைத்தார்.

டிரெய்லர் ஆடத் தொடங்கியது. இடம், வலம், இடம். காரையும் சேர்த்து உலுக்கியது.

"மாஸ்டர்!" என்று கத்தினார் சென்னியப்பன். அவருடைய வலது கால் தரை விரிப்பை ஓங்கி அழுத்தியது.

அமுதவல்லி ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி அப்படியே இருந்தார். கார் தானாக வேகம் குறைந்தது. ஆட்டமும் குறைந்தது. கொஞ்ச தூரத்தில் டிரெய்லர் ஒழுங்காகப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

சென்னியப்பனுக்கு மூச்சு வாங்கியது. "என்ன செஞ்சீங்க?"

"ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லீங்ணா."

வண்டியை நிறுத்தி, இருவரும் மூட்டைகளையும் டிரம்மையும் இறக்கி முன்பக்கமாக நகர்த்திக் கட்டினார்கள். அமுதவல்லி மறுபடி அதே வேகத்தில் ஓட்டினார். அதே அளவு ஸ்டீயரிங்கை அசைத்தார். டிரெய்லர் ஒரு தரம் அசைந்து அடங்கியது.

ஓடுபாதையின் முடிவில் அவர் இறங்கினார். சுற்றி வந்து சென்னியப்பன் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இனி நீங்க ஓட்டுங்க."

சென்னியப்பன் இறங்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்தபடி இருந்தார். வெயில் ஓடுபாதையின் மேல் கானலாக நெளிந்தது.

"மாஸ்டர்."

"சொல்லுங்ணா."

"மூட்டையை முன்னால வெச்சிருந்தா... ஆடினப்போ நான் பிரேக்கை மிதிக்காம இருந்திருந்தா... சீரகம் இன்னைக்கு இருந்திருக்குமுங்களா?"

இதைத்தான் அவர் ஊரெல்லாம் கேட்டிருந்தார். கேட்டவர்கள் எல்லோரும் உடனே பதில் சொல்லியிருந்தார்கள். அமுதவல்லி உடனே சொல்லவில்லை. அவர் கண்களில் நீர் கோத்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இருந்திருக்குமுங்ணா."

சென்னியப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு வருடமாக வராத அழுகை அது. அது ஓயும்வரை மாஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார். பிறகு, எப்போதும் மைதானத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"அந்தப் பக்கம் போய் ஏறுங்க. மொதல்ல மெதுவா ஒரு சுத்து போலாம்."